பேசாததற்கு ஆறாயிரம்

புருஷன் உயிருக்கு நாற்பத்தெட்டாயிரம் என்று அந்த அம்மாள் சொன்னாள். மெத்தைக்காரர் முப்பதுக்குக் கேட்டார்.

உடனே அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். சொன்ன விலையை அப்படியே கொடுத்தால் எதிரில் இருப்பவரை மதிக்கவில்லை என்று அர்த்தம், அவர் வம்சத்தில். அவருடைய அப்பா காய்ச்சலில் படுத்திருந்தபோது நர்ஸ் வந்து பார்த்து நூற்றுமூன்று என்றாளாம். கிழவர் கண்ணைத் திறக்காமலே, நூறுக்கு முடித்துக்கொள்ளலாமே என்றாராம். நானும் அதே கடைத்தெருவில் வளர்ந்தவன்தான். மெத்தைக்கடைக்குப் பக்கத்துக் கடை என்னுடைய இரும்புக்கடை. பேரம் நடக்கிற இடத்துக்குக் கல்லாவை விட்டுவிட்டுப் போய் நிற்பது எங்கள் தெருவில் குற்றமில்லை.

பேரத்துக்கு வந்த சரக்கு ஒரு தைலமரம். கடைக்குப் பின்னால் மெத்தைக்காரரின் வீடு, வீட்டுக்குப் பின்னால் மரம். மூன்று மாடி உயரத்துக்குப் போய் அங்கே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை அவருடைய அடுப்பங்கரை ஓட்டுக்கு மேலேயும் இன்னொன்று என் கடைச் சுவருக்கு மேலேயும் நீண்டிருந்தது. பிரிகிற இடத்தில் விரல் நுழைகிற மாதிரி விரிசல். மரம் லேசாக அடுப்பங்கரைப் பக்கம் சாய்ந்திருந்தது. சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில், எந்த வேர் இழுத்துப் பிடிக்க வேண்டுமோ அந்த வேரின் மேல், காளான் பூத்துக் கிடந்தது. காற்று அடித்தால் மெத்தைக்காரரின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். அரைவேக்காட்டுச் சோறு பல நாள் சாப்பிட்ட பிறகுதான் மனிதர் மரம் வெட்டுகிறவருக்குச் சொல்லியனுப்பினார்.

வந்தவள் மரம் வெட்டுகிறவரின் மனைவி. அவர்கள் வீட்டு வழக்கம் அது. மரக்காரர் ஏறுவார், வெட்டுவார், விலை பேச மாட்டார். ஏறுகிறவனே விலை பேசினால் பயத்தில் ஏற்றிச் சொல்வான், இல்லாவிட்டால் வீம்பில் குறைத்துச் சொல்வான் என்பது அவள் கட்சி. அதனால் விலை முழுக்க அவள் பொறுப்பு. விலைக்காரம்மா என்றுதான் எல்லாருக்கும் அவளைத் தெரியும். மரத்தைப் பார்க்க வந்தால் அண்ணாந்து பார்ப்பது கொஞ்ச நேரம்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, மரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சுற்றிச் சுற்றி நடப்பாள். ஓட்டைத் தட்டுவாள், தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பாள், மண்ணைக் குதிகாலால் மிதித்துப் பார்ப்பாள். கீழே கிடப்பதற்குத்தான் விலை, மேலே நிற்பதற்கு வெறும் கூலி என்பாள்.

முப்பது என்று கேட்டதும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மாதிரிக்கு விரித்திருந்த மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து விரல் மடக்கிச் சொன்னாள். மரத்தை இறக்கி, அறுத்து, அடுக்க இருபத்திரண்டு. இதே மரம் பொட்டல்வெளியில் நின்றால் அத்தோடு சரி. கீழே அடுப்பங்கரை இருப்பதற்கு எட்டு. கிளைக்கு நடுவே மின்கம்பி போவதற்கு ஐந்து. வேர் செத்துக் கிடப்பதற்கு ஏழு.

"ஆக நாப்பத்திரெண்டு," என்றார் மெத்தைக்காரர். கூட்டலில் அவரை ஏமாற்ற முடியாது. "நீ சொன்னது நாப்பத்தெட்டு. நடுவுல ஒரு ஆறு எங்கேர்ந்தும்மா குதிச்சுது?"

"அது மத்ததுக்கு."

"மத்ததுன்னா?"

"முதல்ல இதையெல்லாம் பேசி முடிங்க முதலாளி. கடைசியா அதுக்கு வரேன்."

பேரம் சூடு பிடித்துவிட்டால் மெத்தைக்காரருக்கு எல்லாப் பெண்களும் தங்கச்சிதான். மின்சார ஆபீசில் தெரிந்த ஆள் இருக்கிறான், அன்றைக்கு முழுக்கக் கம்பியில் மின்சாரம் வராமல் பார்த்துக்கொள்கிறேன், அந்த ஐந்தை எடுத்துவிடு தங்கச்சி என்றார். மின்சாரம் நின்றாலும் கம்பி நிற்கிறதே, அறுந்தால் உங்கள் ஆள் வந்து கட்டுவானா என்று கேட்டு அவள் மூன்று மட்டும் குறைத்தாள். அடுத்தது அடுப்பங்கரை. விலை போகாத பழைய மெத்தைகள் கிடங்கில் அடுக்கிக் கிடக்கின்றன, அவற்றை ஓட்டின்மேல் பரப்பி வைக்கிறேன், மெத்தையில் விழுகிற கிளைக்கு எட்டு எதற்கு என்றார். இத்தனை வருஷத் தொழிலில் அவள் கேட்டிராத யோசனை. சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு குறைத்தாள். வேரின் ஏழில் அவர் கைவைக்கப் பார்த்தபோது மட்டும் புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவரே உட்காரச் சொன்னார்.

பிறகு அவர் ஒரு சந்தேகம் கேட்டார். சில பேர் பாதி மரம் ஏறிய பிறகு விலையை ஏற்றுவதாகக் கேள்விப்பட்டிருக்கிறார். கிளை அந்தரத்தில் தொங்கும்போது கூட ஐந்து கொடு என்றால் அவர் என்ன செய்வார்?

"எங்க வீட்டுல அது கிடையாது," என்றாள் அவள். "மரத்துமேல ஆள் இருக்கும்போது பேசற விலை செல்லாது. நான் ஏத்தினாலும் செல்லாது, நீங்க ஏத்தினாலும் செல்லாது."

"நான் ஏம்மா ஏத்தப்போறேன்?" என்று அவர் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

முப்பத்தேழில் வந்து நின்றது. இப்போது அந்த ஆறுதான் பாக்கி. அவள் சுற்றி வளைக்கவில்லை. மேலே ஏறி வெட்டுவது தன் புருஷன், கீழே கயிறு பிடிப்பது தன் தம்பி என்றாள். வெட்டின கிளை தொப்பென்று விழாமல், கட்டிய கயிற்றில் தொங்கி மெதுவாக இறங்குவது தம்பி கையில் இருக்கிறது. அவன் ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் கிளை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் நடுவே மூன்றே வார்த்தைகள்தான் ஓடும்: பிடி, விடு, நில்லு.

"இப்ப அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதுக்குத்தான் ஆறு."

மெத்தைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"உங்க வீட்டுச் சண்டைக்கு நான் எதுக்கும்மா காசு குடுக்கணும்?"

"சண்டை எங்க வீட்டுது முதலாளி. அடுப்பங்கரை உங்க வீட்டுது."

எங்கள் தெருவில் பேரத்தில் யாரும் அவர் வாயை அடைத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். ஆனாலும் அவர் பரம்பரை வியாபாரி. கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் மரம் முடிவதற்குள் அவர்கள் பேசிவிட்டால் அந்த ஆறைக் கழித்துவிட வேண்டும் என்றார். நியாயம்தான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். என்னைச் சாட்சி வைத்துக்கொண்டு முன்பணம் பத்தாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். கொடுத்த கையோடு, உங்கள் சுவரும் அதே மரத்தடியில்தானே இருக்கிறது என்று என் பக்கம் திரும்பினார். அந்தச் சுவர் விழுந்தால் புதிதாகக் கட்டலாம் என்று எனக்கும் வெகுநாளாக ஆசை என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன்.

சண்டை வந்த கதையை அவள் மெத்தைக்காரரின் மனைவியிடம் சொல்லி, அது என் மனைவி வழியாக எனக்கு வந்தது. முந்தின வேலை ஒரு பல் டாக்டரின் வாசலில். கிளை இறங்கும்போது வீசியடித்து, போர்டுக்கு மேலே மாட்டியிருந்த ஆள் உயரப் பிளாஸ்டிக் பல்லைப் பெயர்த்துவிட்டது. டாக்டர் நல்ல மனிதர், பல் எடுப்பதற்கு என்னிடம் வந்து கூலி கேட்காமல் போனால் சரி என்று சிரித்திருக்கிறார். மரக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கயிறு பிடிக்கிறவன் தூங்கிவிட்டான் என்று டாக்டர் எதிரிலேயே சொன்னார். நீங்கள் 'பிடி' என்று சொல்லவே இல்லை, சொல்லாமலே வெட்டிவிட்டீர்கள் என்றான் தம்பி. சொன்னேன். சொல்லவில்லை. தொண்டை கிழியச் சொன்னேன். என் காதில் விழவில்லை. அன்றோடு மாமா என்பதும் மாப்ள என்பதும் அந்த வீட்டில் நின்றுபோயின.

பெரிய வீடும் இல்லை, இரண்டே அறை. முன்னறையில் ஆணியில் கயிறுகள் சுருள் சுருளாகத் தொங்கும், மூலையில் ரம்பம் பெட்ரோல் வாசனையோடு சாக்கில் கிடக்கும். அதற்கு நடுவே எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டாக வேண்டும். குழம்புச் சட்டி தம்பி கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் மரக்காரர் மனைவியைப் பார்த்து, குழம்பு இங்கே வருமா என்று கேட்பார். அவள் தம்பியைப் பார்ப்பாள். அவன் அக்காவைப் பார்த்துக்கொண்டே சட்டியை நகர்த்துவான். சாப்பாட்டில் இது சமாளிக்கக் கூடிய விஷயம். அவளுக்குத் தூக்கம் போனது வேறு ஒன்றால். வேறொரு மரவெட்டுக் கோஷ்டி தம்பியைக் கூப்பிட்டிருந்தது. இந்தத் தைலமரம் முடிந்ததும் அங்கே போய்விடுகிறேன், தங்க இடமும் தருகிறார்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டான். அப்பா அம்மா போன பிறகு கல்யாணமாகி வந்த வீட்டுக்குக் கூடவே கூட்டி வந்து வளர்த்த தம்பி. விசில் அடித்துக்கொள்ளுங்களேன் என்று அவள் இருவரிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். விசிலடிக்க அவன் என்ன நாயா என்றார் புருஷன். விசிலுக்கு ஓட நான் என்ன நாயா என்றான் தம்பி. அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இதற்குள் மெத்தைக்காரர் சும்மா இருப்பாரா? ஆறாயிரம் சும்மா வருகிற காசில்லை. மரத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள் என்று இரண்டு பேரையும் வரவழைத்தார். இருக்கிற மெத்தைகளிலேயே நடுவில் குழி விழுகிற மெத்தையை விரித்து, இந்த ஓரத்தில் ஒருவரையும் அந்த ஓரத்தில் ஒருவரையும் உட்கார வைத்தார். தேநீர் முடிவதற்குள் இருவரும் சரிந்து நடுவில் வந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டார்கள். மரக்காரர் ஜன்னலைப் பார்த்தார், தம்பி விலைச்சீட்டைப் படித்தான். உங்களுக்குள் என்ன உறவு என்று மெத்தைக்காரர் தெரியாதவர் மாதிரி ஆரம்பித்தார். என் சம்சாரத்தின் தம்பி என்றார் அவர். எங்கள் அக்காவின் வீட்டுக்காரர் என்றான் இவன். இரண்டு பதிலும் மெத்தைக்காரருக்குத்தான் கிடைத்தன. அந்த மெத்தையை விற்றுவிட வேண்டியதுதான் என்று அவர் அன்று சாயங்காலம் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

வேலை நாளன்று காலையிலேயே வானம் மூடியிருந்தது. காற்று இல்லை. மெத்தைகளை ஓட்டின்மேல் பரப்பி, அதன் மேல் பலகை போட்டு வைத்திருந்தார்கள். வீடே வெயிலுக்குப் படுக்கையைக் காயப்போட்ட மாதிரி இருந்தது. மெத்தைக்காரரின் மனைவியை என் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. வழக்கமாக விலை பேசியதோடு விலைக்காரம்மாவின் வேலை முடிந்துவிடும். வெட்டுகிற இடத்துக்கு அவள் வரவே மாட்டாள், பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்பாள். இந்த முறை வேறு வழியில்லை. மரத்துக்கும் தம்பிக்கும் நடுவில் அவள் நிற்க வேண்டும். புருஷன் மேலேயிருந்து அவளிடம் சொல்வார், அவள் தம்பியிடம் சொல்வாள். ஒரு வார்த்தை ஒரு வாய் மாறி வர எவ்வளவு நேரம் ஆகுமோ அதற்குத்தான் அவள் ஆறாயிரம் போட்டிருந்தாள்.

மரக்காரர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, தலையில் தொப்பியை மாட்டி, இடுப்புக் கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டு ஏறினார். ஐம்பதை நெருங்கியவர். ஏறும்போது ஒரு சத்தமும் இருக்காது. ரம்பத்தைக் கயிற்றில் மேலே இழுத்துக்கொண்டார். தண்ணீர்த்தொட்டியின் கான்கிரீட் தூணில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான் தம்பி. முதலில் என் சுவர்ப் பக்கத்துக் கிளை. சுலபமான பக்கம் அதுதான். தம்பி அக்காவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான், பிறகு விட்டுவிட்டான்.

துண்டு துண்டாக அந்தக் கிளை அழகாக இறங்கியது. மூன்றாவது துண்டு இறங்கும்போதுதான் விலைக்காரம்மா ஒன்றைக் கவனித்தாள். புருஷனின் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. ரம்பத்தை முடுக்கிவிட்டு, அது போடுகிற ஓலத்துக்குள்ளே அவர் 'பிடி' என்று கத்துகிறார். அவள் புரிந்துகொண்டு தம்பி பக்கம் திரும்புவதற்குள் அவன் ஏற்கெனவே பிடித்திருந்தான்.

"உனக்குக் கேட்டுச்சாடா?" என்று கேட்டாள்.

"எனக்கு என்னைக்குக்கா கேட்டிருக்கு? நான் அவரு முழங்கையைத்தான் பார்ப்பேன். முழங்கை உள்ளே போனா வெட்டப்போறாருன்னு அர்த்தம். வெளியே வந்தா விடணும்."

"அப்ப அன்னைக்கு?"

"அன்னைக்கு இலைக்கொத்து மறைச்சிடுச்சு."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஓட்டுக்கு, கம்பிக்கு, குழாய்க்கு, பூந்தொட்டிக்குக்கூட விலை போட்டவள். புருஷன் சொன்னதாகச் சொன்னதும் நிஜம், தம்பி கேட்கவில்லை என்றதும் நிஜம். இத்தனை வருஷமாகத் தன் வீட்டுச் சோறு ஒரு முழங்கையின் அசைவில் ஓடியிருக்கிறது. அதற்கு அவள் ஒரு பைசா போட்டதில்லை.

அதை மேலே இருக்கிறவரிடம் சொல்ல நேரம் வரவில்லை. சுவர்ப் பக்கம் முழுக்க இறங்கியிருந்தது. மரக்காரர் அடுப்பங்கரைப் பக்கத்துப் பெரிய கிளைக்கு மாறி, கயிற்றைக் கட்டி, ரம்பத்தை வைத்துவிட்டார். தம்பியின் கண் முழங்கையில் இருந்திருக்க வேண்டும். ஏனோ ஒரு நொடி தரைக்கு இறங்கியது. காளான் பூத்த பக்கம் மண் வெடித்து, ரொட்டி உப்புவது மாதிரி மெதுவாக எழும்பியது.

அவன் வாயைத் திறந்தான், மூடினான். கத்தி என்ன பயன்? மேலே பஞ்சும் ரம்பமும். கையிலிருந்த கயிற்றை இரண்டு முறை வெடுக் வெடுக்கென்று சுண்டினான். கிளையில் அதிர்வு தெரிந்திருக்க வேண்டும். ரம்பம் நின்றது. மரக்காரர் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டுக் கீழே பார்த்தார்.

"மாமா," என்றான் தம்பி. சாதாரணக் குரலில்தான் சொன்னான், அவ்வளவு நிசப்தம். "வேர் தூக்குது. வெட்டாதீங்க."

மரக்காரர் ரம்பத்தைக் கிளையிலிருந்து மெல்ல உருவினார்.

"எந்தப் பக்கம் மாப்ள?"

"காளான் பக்கம். சுவர்ப்பக்கத்துப் பாரம் போயிடுச்சுல்ல, இப்ப மொத்தமும் அடுப்பங்கரைப் பக்கம் இழுக்குது."

"எவ்வளவு?"

தம்பி குனிந்து விரலை விட்டுப் பார்த்தான். "கட்டைவிரல் போகுது. அடுப்பங்கரைக் கிளையைத்தான் முதல்ல எடுக்கணும்னு எனக்குத் தோணுச்சு மாமா. சொல்லலை."

"நானும் கேக்கலையே."

பேசிக்கொண்டிருந்த நாட்களில் ஏறுவதற்கு முன்னால் இருவரும் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, எது முதலில் எது பிறகு என்று வாக்குவாதம் செய்வார்களாம். இந்த முறை அவர் தனியாகச் சுற்றினார், இவன் தனியாகச் சுற்றினான். அந்த வாக்குவாதத்துக்கும் விலை போட யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

விலைக்காரம்மா நிதானமாகத்தான் சொன்னாள், ஆனால் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். "நீங்க இறங்கி வாங்க. முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துடலாம்."

"இறங்கிட்டா மறுபடி யாரும் இதுல ஏற முடியாது," என்றார் மரக்காரர். "அப்புறம் அதுவா இறங்கும், அவங்க அடுப்புமேல. மாப்ள, மரத்தை எதிர்ப்பக்கமா இழுத்துக் கட்டிட்டா?"

"எதுல கட்டறது? தூண் தாங்காது."

மெத்தைக்காரரின் முகத்தில் ரத்தம் இல்லை. கைகள் தாமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தன. "அவரை இறங்கச் சொல்லும்மா. அந்த ஆறும் தரேன், மேலே பத்தும் தரேன். அடுப்பங்கரை போனாப் போகுது. ஆளை இறக்கு தங்கச்சி."

அவள் மரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மரத்துமேல ஆள் இருக்காரு முதலாளி. இப்பப் பேசற விலை செல்லாது."

எதில் கட்டுவது என்ற கேள்விக்கு என் வாசலிலேயே பதில் நின்றது. அன்று காலையில்தான் கம்பி ஏற்றிய லாரி ஒன்று எனக்கு வந்திருந்தது, இன்னும் இறக்கவில்லை. நான் சொன்னதும் தம்பி ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, யானை மாதிரி நிற்கிறது மாமா என்றான். டிரைவர் என் சுவரை ஒட்டிய சந்தில் லாரியை நிறுத்தினான். தடித்த கயிற்றை மெல்லிய கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார்கள். மரக்காரர் பிரிவுக்குக் கீழே அதைச் சுற்றி முடிச்சுப் போட்டார். தம்பி மறுமுனையைச் சுவருக்கு மேலே கொண்டுபோய் லாரியின் கொக்கியில் மாட்டினான். அதற்குள்ளே எத்தனை பேச்சு! இன்னும் கொஞ்சம் மேலே மாமா. முடிச்சு உருளுது. உருளாது மாப்ள, நீ பதறாதே. நான் எங்கே பதர்றேன், நீங்கதான் கால் நடுங்கறீங்க. காலா, கிளைடா அது. லாரி ஒரு சாண் நகர்ந்தது. கயிறு விறைத்து லேசாக முனகியது. தூக்கிய மண் அப்படியே அமுங்கி உட்கார்ந்தது.

அப்போதுதான் அவள் மேலே பார்த்துச் சொன்னாள்: "என்னங்க, இனிமே மெஷினை அணைச்சுட்டுச் சொல்லுங்க. நீங்க கத்தறது இவனுக்கு ஒருநாளும் கேட்டதே இல்லையாம். உங்க முழங்கையைப் பார்த்துத்தான் பிடிக்கிறானாம்."

மரக்காரர் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், யாரோ கடன் கொடுத்த பொருள் மாதிரி. "நிஜமா மாப்ள?"

"ஆமா மாமா."

"காதுல பஞ்சை வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் யாருக்குடா கத்தியிருக்கேன்?"

"ரம்பத்துக்கு," என்றான் அவன்.

மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மரத்துமேல் இருப்பவர் அப்படிக் குலுங்கக் கூடாது என்று விலைக்காரம்மா அதட்டினாள்.

பெரிய கிளையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்ட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு துண்டுக்கும் ரம்பம் நிற்கும், வார்த்தை வரும், பதில் வரும், பிறகு வெட்டு. நடுவில் அத்தனை பேரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நின்றபடியே சாப்பிட்டோம், மரக்காரருக்குப் பையில் வைத்து மேலே போயிற்று. துண்டு ஒன்று சுழன்று ஓட்டுப் பக்கம் வந்து மெத்தைமேல் உட்கார்ந்தது. மெத்தை கிழிந்து பஞ்சு பறந்தது, ஓடு ஒன்றுகூட உடையவில்லை. பார்த்தாயா என் மெத்தையை என்று மெத்தைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். அடிமரமும் சாய்ந்து, மரக்காரர் தரையில் கால் வைத்தபோது தூறல் விழுந்தது. மச்சினன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவன் தோளில் பறந்து ஒட்டியிருந்த பஞ்சை மரக்காரர் தட்டிவிட்டார். அன்றைக்கு ராத்திரிச் சமையலை மெத்தைக்காரரின் மனைவி மழைச் சத்தத்துக்கு நடுவே, அடுப்பை ஒருமுறைகூட அணைக்காமல் முடித்தாள். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது என்று மறுநாள் அவர் குறைபட்டுக்கொண்டார், முகமெல்லாம் சந்தோஷமாக.

மறுநாள் கணக்குத் தீர்க்க விலைக்காரம்மா கடைக்கு வந்தாள். நானும் போயிருந்தேன், சாட்சியாயிற்றே. அந்த ஆறை எப்படிக் கழிப்பது என்று மெத்தைக்காரர் காலையிலிருந்து தயார் செய்து வைத்திருந்தார். 'பிடி, விடு' எல்லாம் பேச்சாகுமா என்று அவள் கேட்டால் என்ன சொல்வது, பயத்தில் சொன்ன பத்தை அவள் ஞாபகப்படுத்தினால் எப்படி மழுப்புவது என்று என்னிடம் ஒத்திகைகூடப் பார்த்திருந்தார். அவள் வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்:

"பேசிட்டாங்க முதலாளி. அந்த ஆறைக் கழிச்சுக்குங்க. நீங்க மேலே தரேன்னு சொன்ன பத்து கணக்குலயே வராது."

கேட்காமலே குறைத்துவிட்டால் எங்கள் தெருவில் ஒரு மனிதன் என்ன செய்வான்? மெத்தைக்காரருக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லாத மாதிரி ஆகிவிட்டது. ஆறு வேண்டாம், பாதி மூன்றையாவது வைத்துக்கொள் என்று அவரே ஏற்றிக் கேட்டார். அவள் தலையாட்டவில்லை. அவர் நாலு என்றார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தலைகீழாகப் பேரம் பேசியும் அவரால் ஜெயிக்க முடியவில்லை. கடைசியில், கிழிந்த மெத்தையைத் தைத்து வைத்திருக்கிறேன், சும்மா எடுத்துக்கொண்டு போ என்றார். சும்மா வாங்கின மெத்தையில் தூக்கம் வராது என்று சொல்லி அதற்கு ஆயிரம் போட்டுக் கழிக்கச் சொன்னாள்.

"அப்ப அந்த ஆறு உனக்கு நஷ்டம்தானே தங்கச்சி?" என்றார் அவர் ஆற்றாமையில்.

"எனக்கு எதுக்கு நஷ்டம்? பேசினது அவங்க. ஆளுக்கு மூணு அவங்க கூலியில குறைச்சுட்டேன்."

தம்பி அந்த இன்னொரு கோஷ்டிக்குப் போகிறானா என்று நான் கேட்டேன். நேற்றே ஆள் வந்து கூப்பிட்டானாம். உங்கள் ஆளின் முழங்கை எனக்குப் பழக்கமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டானாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் கல்லாவைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தாள்.

வாசலில் மாமனும் மச்சினனும் மெத்தையை வண்டிமேல் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிடி மாப்ள. பிடிச்சுட்டேன் மாமா, நீங்க முதல்ல விடுங்க. விட்டா விழுந்துடும்டா. நான் பிடிச்சிருக்கேன்ல. எங்கே பிடிச்சிருக்க, மெத்தை இங்கே சரியுது. அந்த மெத்தை யாருக்கு என்பதிலும் அதற்குள்ளே தகராறு ஆரம்பித்திருந்தது. இடுப்பு வலி இருக்கிறவருக்கு என்று அவரும், கிழிந்தபோது கயிறு பிடித்திருந்தவனுக்கு என்று இவனும். பேசாமல் இருந்த நாட்களில் வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று விலைக்காரம்மா பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சை மெத்தைக்காரர் விலைக்குக் கேட்டிருந்தால் அவள் கொடுத்திருக்க மாட்டாள்.

பிறகு அவர் எண்ணினார், அவள் எண்ணினாள், நான் சரிபார்த்தேன். மரத்துக்கு இருபத்திரண்டு, அடுப்பங்கரைக்கு ஆறு, கம்பிக்கு இரண்டு, வேருக்கு ஏழு, பேசாததற்கு ஒன்றுமில்லை, ஆக முப்பத்தேழு. முன்பணம் பத்து, மெத்தை ஒன்று, ரொக்கம் இருபத்தாறு. கணக்கு நேர்.